அறைக்குள் கரி அடுப்பு: கார்பன் மோனாக்சைடு கருவி எதை வாங்குவது?

மலைவீடு_கோத்தகிரி | நவம்பர் 18, இரவு 9:12

வணக்கம். கோத்தகிரி பக்கம் வீட்டோடு சேர்ந்த மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். போன டிசம்பரில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், நாலு பேர். முற்றத்தில் கறி சுட்டுச் சாப்பிட அடுப்புக்கரி போட்டுக் கொடுத்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மீதிக் கங்கை இரும்புச் சட்டியோடு அவர்களே அறைக்குள் எடுத்துப் போய்விட்டார்கள். வெளியே எட்டு டிகிரி இருக்கும். ஜன்னல் இடுக்கில் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வெந்நீர் பிளாஸ்க் கொடுக்கக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தூங்கியிருப்பார்கள் என்று திரும்பி நடந்தவள், என்னவோ தோன்றி மறுபடி வந்து தட்டினேன். அந்த அம்மா திறந்தார். நிற்க முடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே "கறி ஒத்துக்கல போலிருக்கு, எல்லாருக்கும் தலைவலி, பாப்பா வாந்தி எடுத்துட்டா" என்றார். உள்ளே புகை இல்லை, வாடை இல்லை. அறை கதகதப்பாக, நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னமும் எனக்குத் தூக்கம் போகிறது. மூலையில் சட்டியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எல்லோரையும் வெளியே இழுத்து உட்காரவைத்து, ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலு பேரும் பிழைத்தார்கள்.

குளிர்காலம் வந்தால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இப்படி ஒரு செய்தி வருகிறது. இந்த வருடம் ஒவ்வொரு அறையிலும் கருவி வைக்கப்போகிறேன். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது? அப்புறம், அதே கருவியைச் செப்டிக் டேங்க் திறக்கும்போதும், காய்கறியில் பூச்சி மருந்து இருக்கிறதா என்று பார்க்கவும் பயன்படுத்த முடியுமா? கடைக்காரர் "ஆல் இன் ஒன்" என்கிறார்.

கருவிப்பெட்டி | நவம்பர் 18, இரவு 10:47

அக்கா, திரும்பி நடந்தவர் மறுபடி வந்து தட்டினீர்கள் பாருங்கள், அதுதான் அந்த நாலு பேரைக் காப்பாற்றியது. கோவையில் ஆலைகளுக்கு வாயு மீட்டர் பழுதுபார்க்கும் வேலையில் பதினேழு வருடம் இருந்தேன். இப்போது குன்னூரில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

விறகு எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும், நாமே எழுந்து ஓடிவிடுவோம். கரியில் அந்தப் புகையெல்லாம் சூளையிலேயே போய்விட்டது. மிச்சம் பெரும்பாலும் கார்பன்தான். சாம்பல் மூடிய கங்குக்குக் காற்று போதாதபோது அது கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. எடையும் கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், 29க்கு 28. அதனால் தரையில் தேங்காது, கூரையிலும் ஒதுங்காது, அறை முழுக்கக் கலந்து நிற்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். அதனால்தான் அந்த அம்மா கறியைச் சந்தேகப்பட்டார். மயக்கமும் தூக்கமும் ஒன்றுபோலவே வரும் என்பதால் பலர் எழுந்திருப்பதே இல்லை.

வாங்கும்போது பெட்டியில் "கார்பன் மோனாக்சைடு" என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். "கேஸ் டிடெக்டர்" என்று மலிவாக விற்பதில் பாதிக்கு மேல் சமையல் கேஸ் கசிவுக்கானவை. சமையல் கேஸ் கனமானது, தரையோரம் மாட்டுவார்கள். அது உங்கள் கரி அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புகை அலாரமும் வேறு, அது புகைத் துகளைத்தான் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் உள்ளது. உள்ளே கொஞ்சம் அமிலமும் மின்முனைகளும் இருக்கும். நுண்துளை வழியாக உள்ளே போகும் வாயு அங்கே ஆக்சிஜனோடு சேரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். அதைத்தான் திரையில் பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு) எண்ணாகக் காட்டுகிறது. ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரம் போட்டிருந்தால் நல்லது. அந்தத் தரத்தில் 50 பிபிஎம் இருந்தால் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அலறும். 100 என்றால் 10 முதல் 40 நிமிடம். 300 ஆனால் மூன்று நிமிடத்துக்குள். எண் காட்டும் திரை உள்ளதையே வாங்குங்கள். வெறும் சிவப்பு விளக்கு போதாது.

படுக்கை அறையில் தலையணை உயரத்தை ஒட்டி மாட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்திலோ, திரைக்குப் பின்னாலோ, குளியலறை நீராவி படும் இடத்திலோ வேண்டாம். கேஸ் கீசர் வைத்திருந்தால் அதை இன்றே குளியலறையிலிருந்து வெளியே மாற்றுங்கள். அதுவும் இதே வாயுவைத்தான் விடும்.

இன்னொன்று. "டெஸ்ட்" பட்டனை அமுக்கினால் பீப் சத்தம் வரும். அது பேட்டரியும் ஒலிப்பானும் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. சென்சாருக்கு ஆயுள் உண்டு, கருவியின் பின்பக்கம் கெடு போட்டிருப்பார்கள். நான் திறந்து பார்த்த கருவிகளில் பட்டனுக்குப் பதில் சொல்லி, வாயுவுக்கு ஊமையாக இருந்தவை நிறைய.

செப்டிக் டேங்க், காய்கறி இரண்டுக்கும் இது உதவாது. "ஆல் இன் ஒன்" என்ற சொல்லை நம்பாதீர்கள். இந்தக் கருவிகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் கேட்காத கேள்விக்கு அது காட்டும் பூஜ்ஜியத்தைப் "பாதுகாப்பு" என்று எடுத்துக்கொள்வதால்தான் ஆள் போகிறது.

ஊட்டி_கேப் | நவம்பர் 18, இரவு 11:20

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே. தலைவலி வந்தால் அதை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பழைய_108 | நவம்பர் 19, காலை 6:05

தெரியாது தம்பி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் ஆம்புலன்ஸில் பல வருடம் ஓடியவன்.

விரல் கருவி இரண்டு நிற ஒளியை ரத்தத்தின் வழியே அனுப்பி, ரத்தம் எவ்வளவு சிவப்பு என்று பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்புதான். சாதாரண ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. சாகக் கிடக்கிறவருக்கும் 97, 98 என்று காட்டும். ஒரு முறை இப்படி ஒரு அறைக்குப் போனபோது, உறவினர் ஒருவர் "98 காட்டுது சார், சும்மா மயக்கம்தான்" என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த எண்ணை நம்பி அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால்தான் சரியாகத் தெரியும்.

சந்தேகம் வந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், கரி இருந்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் உடனே முழு ஆக்சிஜன் போடுவார்கள். வெறும் காற்றில் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

மலைவீடு_கோத்தகிரி | நவம்பர் 19, காலை 7:31

ஐயா, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் விரல் கருவியைத்தான் மாட்டினார்கள். எல்லோருக்கும் நன்றாகவே காட்டியது. நான் கரிச் சட்டியைப் பற்றி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஆக்சிஜன் வைத்தார்கள். அப்போது காரணம் புரியவில்லை.

லவ்டேல்_மாடி | நவம்பர் 19, பகல் 1:15

எங்கள் வீட்டில் போன வருடமே கருவி வாங்கி மாட்டினோம். ஜனவரியில் ஒரு நாள் விடாமல் அலறியது. வீட்டில் கரியும் இல்லை, கீசரும் இல்லை. 120 காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டோம். மாற்றித் தருவார்களா?

கருவிப்பெட்டி | நவம்பர் 19, பகல் 1:40

அந்த அறையிலோ பக்கத்திலோ இன்வெர்ட்டர் இருக்கிறதா?

லவ்டேல்_மாடி | நவம்பர் 19, பகல் 2:02

மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது சார். அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, மாலையில் வந்ததும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி.

கருவிப்பெட்டி | நவம்பர் 19, பகல் 2:30

அதுதான். சார்ஜ் ஏறும்போது, அதிலும் அளவுக்கு மிஞ்சி ஏறும்போது, அந்த பேட்டரி ஹைட்ரஜனை விடும். கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனும் ஓரளவு அதே மாதிரிதான் தெரியும். கருவி கெடவில்லை. மூடிய படிக்கட்டு அடியில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, சார்ஜரையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவியை டிராயரிலிருந்து எடுத்து மாட்டுங்கள். அலறினால் முதலில் வெளியே போக வேண்டும், காரணத்தை அப்புறம் தேடலாம்.

டேங்கர்_குன்னூர் | நவம்பர் 20, இரவு 8:55

செப்டிக் டேங்க் என்று வந்ததால் நானும் எழுதுகிறேன். கழிவுநீர் லாரி ஓட்டுகிறேன். எங்களிடம் நாலு வாயு மீட்டர் ஒன்று இருக்கிறது: ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவுதான்.

ஒரு முறை கோவையில் சர்வீஸுக்குக் கொடுத்து, அங்கேயே காற்றில் ஜீரோ செய்து (சுத்தக் காற்றை அளவாக வைத்து மீட்டரைச் சரிசெய்து) வாங்கிக்கொண்டு மேலே வந்தோம். பர்லியார் தாண்டியதும் கத்த ஆரம்பித்தது. ஆக்சிஜன் 19.4. காட்டேரி வரும்போது 18. குன்னூரில் 17.5. காருக்குள் மூன்று பேர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இது மட்டும் கத்துகிறது. கூட வந்தவர் "ஓட்டை மீட்டர்" என்று அணைத்துவிட்டார். மறுநாள் டேங்க் வேலைக்கு மீட்டர் இல்லாமலே கிளம்பத் தயாரானார்கள். நான் போகவில்லை. இதற்கு என்ன காரணம் என்று இங்கே யாராவது சொன்னால் நல்லது, எங்கள் ஆட்களுக்குக் காட்ட வேண்டும்.

கருவிப்பெட்டி | நவம்பர் 20, இரவு 10:18

போகாமல் இருந்தது சரி அண்ணா. மீட்டர் பொய் சொல்லவில்லை. காற்றில் ஆக்சிஜன் பங்கு கோவையிலும் ஊட்டியிலும் 20.9 சதவீதம்தான். ஆனால் மேலே ஏற ஏற காற்றழுத்தம் குறைகிறது. 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். சில ஆக்சிஜன் சென்சார்கள் சதவீதத்தை அளப்பதில்லை, ஆக்சிஜனின் அழுத்தத்தை அளந்து அதைச் சதவீதமாக எழுதுகின்றன. கீழே ஜீரோ செய்ததை மேலே கொண்டுவந்தால் குறைவாகத்தான் காட்டும். 19.5க்குக் கீழே போனால் அலறும்படி அமைத்திருப்பார்கள், அதனால் அலறியது.

தீர்வு எளிது. வேலை செய்யும் ஊருக்கு வந்து, கொஞ்ச நேரம் விட்டு, திறந்தவெளியில் மறுபடி ஜீரோ செய்யுங்கள். லாரி இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்று செய்யாதீர்கள். அந்தப் புகையையே "நல்ல காற்று" என்று கருவி எடுத்துக்கொள்ளும், அப்புறம் நாள் முழுக்க கார்பன் மோனாக்சைடு குறைவாகக் காட்டும். இது மலையில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கீழே இருந்து வரும் சர்வீஸ்காரர்கள் பலர் சொல்வதில்லை.

பனிமூட்டமும் அப்படித்தான். பெயின்ட், பெட்ரோல், தின்னர் ஆவிகளைப் பார்க்க புற ஊதா விளக்கு வைத்த மீட்டர் ஒன்று உண்டு, பிஐடி என்பார்கள். நல்ல மூடுபனியில் அதன் எண் இறங்கிவிடும், ஈரம் அந்த ஒளியைத் தின்றுவிடுகிறது. தைல மரக் காட்டுக்குள், தைலம் காய்ச்சும் அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் எண் ஏறும். விஷம் என்பதால் அல்ல, தைல ஆவியும் அதற்கு ஒரு ஆவிதான்.

அனுபவஸ்தன் | நவம்பர் 21, காலை 9:03

எங்கள் காலத்தில் இந்த மீட்டர் எதுவும் இல்லை. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விடுவோம், எரிகிற காகிதத்தையோ மெழுகுவத்தியையோ இறக்குவோம். அணைந்தால் இறங்க மாட்டோம், எரிந்தால் இறங்குவோம். முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பயமுறுத்தல் எல்லாம் கருவி விற்கத்தான்.

டேங்கர்_குன்னூர் | நவம்பர் 21, இரவு 7:40

ஐயா, வயதுக்கு மரியாதை. ஆனால் இதைப் படித்து யாராவது தீ இறக்கிவிடக் கூடாது என்பதால் மறுத்துச் சொல்கிறேன்.

மெழுகுவத்தி ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால்தான் அணையும். ஆளைச் சாய்க்கும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் அது நின்று எரியும். மீத்தேன் சேர்ந்திருந்தால் டேங்க் வெடிக்கும். மூடி தூக்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன், நல்ல வேளை யாரும் மேலே நிற்கவில்லை.

அழுகிய முட்டை வாடை போய்விட்டது, வாயு போய்விட்டது என்று நினைப்பதும் அப்படித்தான். ஒரு பிபிஎம்மில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும் வாயு அது. ஆனால் 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கே மரத்துவிடும், வாடை தெரியாது. 700, 1000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவர் இரண்டாவது, அவரைத் தூக்க இறங்குகிறவர் மூன்றாவது. செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

மீட்டரைக் கயிற்றிலோ பம்ப் குழாயிலோ விட்டு மேலே, நடுவில், அடியில் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். மீத்தேன் மேலே நிற்கும், சல்பைடு அடியில் நிற்கும். குழாய் நீளமாக இருந்தால் அடிக்காற்று மேலே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கீழே சேற்றைக் கிளறினால் புதிதாகக் கிளம்பும், அதனால் ஒரு முறை பார்த்தால் போதாது.

அதையெல்லாம்விட முக்கியம், மீட்டர் பச்சை காட்டினாலும், பாதுகாப்பு உடையும் ஏற்பாடும் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இறந்தால் முப்பது லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் மீட்டரை மூடி திறக்கும்போது மேலே நிற்கிற எங்கள் பாதுகாப்புக்குத்தான் வைத்திருக்கிறோம். அக்கா, நீங்கள் இதற்காகக் கருவி வாங்க வேண்டாம். லாரியைக் கூப்பிடுங்கள், யாரையும் இறக்காதீர்கள்.

கேத்தி_தோட்டம் | நவம்பர் 22, காலை 5:50

காய்கறி மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு கேத்தியில் கேரட், பீட்ரூட், கொஞ்சம் பூண்டு. இணையத்தில் விற்கும் முள் வைத்த "உணவு சோதனைக் கருவி" ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கினார். கேரட்டில் குத்தினால் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். அது அளப்பது காயின் சாறு எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து நைட்ரேட்டை ஊகிக்கிறது. பூச்சி மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்தே அடிக்காத என் கேரட் சிவப்பு, முந்தாநாள் மருந்து அடித்தது பச்சை. காசு போனால் போகட்டும், அந்தப் பச்சையை நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பார்களே என்பதுதான் வருத்தம்.

உண்மையில் வேலை செய்வது ஒரு சின்ன அட்டை. ஒரு வெள்ளை வட்டம், ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வெள்ளையில் கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது, நம் நரம்பில் இருக்கும் அதே வகை. காய் ஊறிய தண்ணீரை வெள்ளையில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் வைத்து, அட்டையை மடித்துச் சிவப்போடு சேர்த்து மூன்று நிமிடம் கையில் பிடிக்க வேண்டும். நொதி உயிரோடு இருந்தால் நீலமாக மாறும். மருந்து நொதியை முடக்கியிருந்தால் வெள்ளையாகவே நிற்கும். நீலம் நல்லது, வெள்ளை கெட்டது. புதிதாகச் செய்கிறவர்கள் மாற்றிப் புரிந்துகொள்வார்கள்.

நான் முதல் தடவை செய்தது ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு, கொட்டகையில். பத்து அட்டையும் வெள்ளை. பயந்துவிட்டேன். அப்புறம் வெறும் குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தேன், அதுவும் வெள்ளை! குளிரில் நொதி வேலையே செய்யவில்லை. அதற்கு உடம்புச் சூடு வேண்டும். இப்போது அட்டையைச் சட்டைப் பைக்குள், பனியனோடு ஒட்டி வைத்துச் செய்கிறேன். கூடவே வெறும் தண்ணீரில் ஒரு அட்டை எப்போதும் செய்வேன். அது நீலமானால்தான் மற்றதைப் படிப்பேன். பூண்டு, முள்ளங்கிச் சாறு நொதியைத் தானாகவே குழப்பும், அதனால் அவற்றை நறுக்காமல் முழுதாக ஊறவைக்க வேண்டும்.

ஆனால் இந்த அட்டைக்குத் தெரிவது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு பூச்சி மருந்துக் குடும்பம்தான். உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிக்கும் மான்கோசெப் தெரியாது, புது ரக மருந்துகள் பல தெரியாது. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடிக்க 2005இலிருந்தே தடை. அதை மீறியிருந்தால் இது பிடிக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எல்லா மருந்துக்கும் பதில் வேண்டுமென்றால் ஆய்வகம்தான்.

கொடை_மேகம் | நவம்பர் 22, பகல் 12:25

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் பாதரசம் ஞாபகம் வராமல் போகாது. 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். அந்த வருடமே ஆலை நின்றது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வாதம் எத்தனை வருடம் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாதரசம் அறைச் சூட்டிலேயே ஆவியாகும், வாடை கிடையாது. ஆவியைக் கையில் எடுத்துப் போகும் கருவியால் அளக்க முடியும். பாதரச அணு 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் குறிப்பாக விழுங்கும். காற்றை உள்ளே இழுத்து, அந்த ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கனமீட்டரில் மைக்ரோகிராம் கணக்கில்கூடச் சொல்லிவிடும். இன்னொரு வகையில் மெல்லிய தங்கத் தகடு இருக்கும். பாதரசம் தங்கத்தில் ஒட்டும், ஒட்டியதும் தகட்டின் மின்தடை மாறும். பாட்டிமார் நகையைக் கழற்றிவிட்டுத் தெர்மாமீட்டரைத் தொடு என்று சொன்னது இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் மண்ணுக்குள்ளும் ஏரிச் சேற்றுக்குள்ளும் போய்விட்டதை இந்தக் காற்றுக் கருவி சொல்லாது. அதற்கு மண்ணை எடுத்து வேறு விதமாகப் பார்க்க வேண்டும். காற்று சுத்தம் என்றால் நிலம் சுத்தம் என்று ஆகிவிடாது. எங்கள் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் யார் சொல்வது?

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தாலோ வேக்கும் கிளீனராலோ கூட்டாதீர்கள், பாதரச உருண்டை நூறாகச் சிதறி ஆவி அதிகமாகும். ஜன்னலைத் திறந்து, இரண்டு அட்டையால் ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள்.

கூடலூர்_லேப் | நவம்பர் 23, இரவு 9:30

வாயு, மருந்து என்று போகிறது. கிருமிப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன். 2018இலும் 2023இலும் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நாடுகாணி சோதனைச் சாவடியில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்த்தார்களே, பலர் அதை வைரஸ் கருவி என்றே நினைத்தார்கள். அது தோலின் சூட்டை மட்டும் பார்க்கும். குளிரில் ஜீப்பில் வந்து இறங்கியவருக்குக் காய்ச்சல் இருந்தாலும் நெற்றி ஜில்லென்று இருக்கும். காய்ச்சல் மாத்திரை போட்டவருக்கும் தெரியாது.

கிருமியைக் காற்றில் முகர்ந்து உடனே சொல்லும் கைக்கருவி என்று எதையும் நம்பாதீர்கள். கிருமியைக் கண்டுபிடிக்க மாதிரி எடுக்க வேண்டும், அதில்தான் பாதி வேலை. கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி கோடு விழும் அட்டைகள் சுலபம், ஆனால் கிருமி நிறைய இருந்தால்தான் கோடு விழும். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் வந்தபோது இப்படிப்பட்ட அட்டைகளைக் கண்ட வெள்ளைப் பொடிக்கெல்லாம் பயன்படுத்தி நிறையக் குழப்பம். மறு வருடமே அவற்றை நிறுத்தச் சொல்லி அந்த அரசே அறிவுறுத்தியது.

நம் நாட்டில் உண்மையாகவே மலைக்கு ஏற்ற கருவி ட்ரூநாட். கோவாவில் செய்கிறார்கள், பேட்டரியில் ஓடும், சின்ன சிப்பில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை) செய்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும். காசநோய்க்கு 2020இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. நிபாவுக்கு 2023இல் கேரளத்தில் பயன்படுத்த ஐசிஎம்ஆர் என்ற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு அனுமதித்தது. கரண்ட் போகும், சாலை மூடும் கூடலூர், பந்தலூர் மாதிரி ஊருக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதற்கும் அதே கதைதான். காசநோய் சிப் போட்டால் காசநோயைத்தான் பார்க்கும், வேறு என்ன இருந்தாலும் வாய் திறக்காது.

காட்டோரம் இருப்பவர்களுக்கு: குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ சொல்லுங்கள், குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாக வரும். மாடோ யானையோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். அறுக்கவே கூடாது. திறந்தால் காற்றுப் பட்டு அந்தக் கிருமி விதையாக மாறி மண்ணில் பல வருடம் கிடக்கும். கால்நடை மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நீலச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். பழைய முறைதான், பையில் வைத்துக் காட்டுக்குள் கொண்டுபோக முடிகிறது.

கருவிப்பெட்டி | நவம்பர் 23, இரவு 11:08

கோத்தகிரி என்றதும் ஒன்று எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். நம் மலைச் சோலையோரம் விளையும் விண்டர்கிரீன் செடி தெரியும்தானே. அதன் தைலத்தை மூட்டு வலிக்கு ஊட்டிக் கடைகளில் விற்பார்கள். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ராணுவத்தில் மஸ்டர்டு என்ற கொப்புள விஷ வாயுவுக்கான கருவியையும் உடையையும் சோதிக்க, விஷத்துக்குப் பதிலாக இதே பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆவியாகும் விதம் அதைப் போலவே இருக்கும், ஆளுக்கு ஆபத்து குறைவு.

அந்தக் கருவிகளில் பல, அயனி நகர்வு முறையில் வேலை செய்பவை. காற்றில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து ஒரு குழாயில் ஓடவிடும். கனமானது மெதுவாக, லேசானது வேகமாகப் போய்ச் சேரும். சில மில்லி நொடி வித்தியாசத்தை வைத்து இன்னது என்று சொல்லும். குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமான டிஆர்டிஇ வடிவமைத்த அப்படிப்பட்ட எச்சரிக்கைக் கருவி 223 எண்ணம் வாங்க 2025 பிப்ரவரியில் நம் ராணுவத்துக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் 80.43 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. போபாலில் 1984இல் விஷ வாயு கசிந்த அந்த இரவு ஊருக்குள் இப்படி ஒரு எச்சரிக்கைக் கருவி இல்லை. அதை நினைத்தால் இந்தச் செய்தி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த வகைக் கருவியை மூட்டு வலித் தைலம் தடவிய ஒருவர் பக்கத்தில் கொண்டுபோனால் அலற வாய்ப்பு உண்டு. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கிற ஆள், இது என்ன, எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் அறையில் மாட்டும் கருவிக்கும் அப்படித்தான்.

மலைவீடு_கோத்தகிரி | டிசம்பர் 6, மாலை 6:44

எல்லோருக்கும் நன்றி. மூன்று அறைக்கும் திரையோடு கூடிய கருவி வாங்கிவிட்டேன். கட்டில் தலைமாட்டுக்குப் பக்கச் சுவரில், தலையணையிலிருந்து ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறோம். பின்பக்கம் ஆயுள் முடியும் வருடத்தைப் பெரிதாகப் பேனாவால் எழுதி ஒட்டினேன்.

கருவிப்பெட்டி அண்ணன் போனில் சொல்லிக் கொடுத்தபடி சென்சாரைச் சோதித்தேன். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் கருவியை வைத்து, ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து ஓரத்தில் நிறுத்தி, மூடியைச் சாத்தினேன். அரை நிமிடம் பூஜ்ஜியம். அப்புறம் 34, 71, 160 என்று தாவியது. ஊதுபத்தியை எடுத்துவிட்டு மறுபடி மூடினேன். 300ஐத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அலறியது. மூன்றில் இரண்டு அலறின. மூன்றாவது, டெஸ்ட் பட்டனுக்கு நன்றாக பீப் கொடுத்தது, டப்பாவுக்குள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. இரண்டு தடவை செய்து பார்த்தேன். பெட்டி பிரிக்காத புதுக் கருவி அது. கடையில் திருப்பிக் கொடுத்தபோது பட்டனை அமுக்கிக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். டப்பாவையும் ஊதுபத்தியையும் கடைக்கே கொண்டுபோய்ச் செய்து காட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள்.

கறி சுட்டு முடித்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றிச் சட்டியை நாங்களே எடுத்துப் பூட்டி வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு அறைக்கும் கூடுதலாக ஒரு ரஜாயும் வெந்நீர்ப் பையும் வைத்திருக்கிறேன். குளிருக்குத்தானே அவர்கள் கரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டேங்கர்_குன்னூர் | டிசம்பர் 6, இரவு 8:10

அக்கா, மூன்றாவது கருவியைப் படித்ததும் எங்கள் மீட்டரைச் சோதனை வாயு கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். சல்பைடு சென்சார் பாதிதான் காட்டுகிறது. மாற்றக் கொடுத்திருக்கிறோம், வரும்வரை வேலை எடுக்கவில்லை. சோதனை வாயு சிலிண்டர் தனியாக வாங்க விலை அதிகம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். தங்குமிடம் வைத்திருப்பவர்களும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் கலந்த சிலிண்டராகவே வாங்கிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு குன்னூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருப்பேன், கருவியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

லவ்டேல்_மாடி | டிசம்பர் 6, இரவு 8:31

நானும் வருகிறேன். பேட்டரியைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டோம். கருவி மறுபடி சுவரில்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் அலறவில்லை. ஆனாலும் ஒரு முறை வாயு கொடுத்துப் பார்த்துவிடலாம்.